ஆளி விதையா, சாளையா, மாத்திரையா: ஒமேகா-3 எடுக்க எது தோது?

நான் வேலை பார்ப்பது நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். குழாயில் எடுத்த ரத்தத்தை உறைய விட்டு சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் அணுக்கள் அடியில் தங்கி, மேலே சீரம் தெளிந்து நிற்கும். நல்ல சீரம் வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறத்தில் இருக்கும். அதற்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்தால் எழுத்தை வாசிக்கலாம். போன வருஷம் ஒருவருடைய குழாயை எடுத்தபோது மேலே பால் நின்றது. அசல் பசும்பால் மாதிரி. தாளைப் பிடித்தேன், எழுத்து இருப்பதே தெரியவில்லை. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 640.

ரிசல்ட் வாங்க வந்தவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, மீன் எண்ணெய் மாத்திரை போட்டா இது குறையுமாமே? இல்ல, ஆளி விதையே போதுமா?"

அதே வாரம் ஒரு கர்ப்பிணிப் பெண். சைவக் குடும்பம். "அண்ணே, டி.எச்.ஏ மாத்திரைன்னு எழுதித் தந்திருக்காங்க. அது மீன்ல இருந்து எடுக்கிறதா? ஆளி விதையைப் பொடிச்சுத் தின்னா ஆகாதா?" அப்புறம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எல்லா அளவும் ஒழுங்காக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் கொடுத்த பெரிய மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவைப் பையோடு கொண்டுவந்து மேசையில் வைத்து, "இதைப் போடணுமா வேண்டாமா, அதைச் சொல்லு" என்றார்.

மூன்று பேர் கேட்டதும் ஒமேகா-3 பற்றிய ஒரே கேள்விதான். பதில் மட்டும் ஆளுக்கு ஒன்று. நான் டாக்டர் இல்லை, மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவர்கள் வேலை. கடை முன்னாலோ மீன் சந்தையிலோ நின்று முழிக்கும்போது எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்கள் போதும்.

1. எந்த ஒமேகா-3? மூன்று இருக்கிறது, மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாகாது.
2. எவ்வளவு போய்ச் சேருகிறது? டப்பா மேல் போட்டிருக்கும் எண்ணும் உடம்புக்குள் போகும் எண்ணும் வேறு.
3. எதற்காக? சாப்பாட்டில் உள்ள குறையை நிரப்பவா, ஒரு நோய்க்கு மருந்தாகவா? இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சாப்பாட்டுக்கு வேண்டியது மில்லிகிராம் கணக்கு, மருந்துக்கு வேண்டியது கிராம் கணக்கு.
4. கூடவே என்ன வருகிறது? உப்பு, பாதரசம், பொரித்த எண்ணெய், வைட்டமின் ஏ, இப்படி.
5. தொடர்ந்து செய்ய முடியுமா? காசு, வாடை, சமையல் நேரம், வீட்டார் முகச்சுளிப்பு எல்லாம் சேர்த்து.

## கொஞ்சம் உயிர்வேதியியல்

ஒமேகா-3 என்பது குடும்பப் பெயர். கொழுப்பு அமிலச் சங்கிலியின் வால் முனையிலிருந்து எண்ணினால் மூன்றாவது கார்பனில் முதல் இரட்டைப் பிணைப்பு இருக்கும், அதனால் அந்தப் பெயர். ஏ.எல்.ஏ என்ற ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் செடிகளில் கிடைப்பது: 18 கார்பன், 3 இரட்டைப் பிணைப்பு. ஈ.பி.ஏவும் டி.எச்.ஏவும் கடலில் கிடைப்பவை. ஈ.பி.ஏவில் 20 கார்பன், 5 பிணைப்பு. டி.எச்.ஏவில் 22 கார்பன், 6 பிணைப்பு.

நம் உடம்பு சோற்றிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கொழுப்பைத் தானே செய்துகொள்ளும், அதில் கெட்டிக்காரத்தனம் அதிகம். ஆனால் சங்கிலியின் தலைப் பக்கமிருந்து ஒன்பதாவது கார்பனைத் தாண்டி இரட்டைப் பிணைப்பு போட அதற்குத் தெரியாது. செடிகளுக்குத் தெரியும். ஆகவே ஏ.எல்.ஏவையும், அதன் ஒமேகா-6 பங்காளியான லினோலெயிக் அமிலத்தையும் தின்றுதான் ஆக வேண்டும். 1929, 1930-ல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டுப் பார்த்தார்கள். தோலும் வாலும் செதில் செதிலாக உரிந்தன, வளர்ச்சி நின்றது. லினோலெயிக் அமிலம் சில சொட்டு சேர்த்ததும் தேறின. கொழுப்பு என்றால் வெறும் எரிபொருள் என்றிருந்த எண்ணம் அத்தோடு மாறியது.

ஏ.எல்.ஏவை நீட்டி, பிணைப்பு சேர்த்து ஈ.பி.ஏவாகவும் டி.எச்.ஏவாகவும் மாற்றும் நொதிகள் நம் கல்லீரலில் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால் ஒமேகா-6-ஐ மாற்றுவதும் அதே நொதிகள்தான். ஊருக்கு ஒரே மாவு மில், முன்னால் ஒமேகா-6 மூட்டை மூட்டையாக அடுக்கிக் காத்திருக்கிறது, பின்னால் ஏ.எல்.ஏ ஒரு தூக்குவாளியோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம். நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம், கடலை எண்ணெயில் 30 சதவீதத்தை ஒட்டி. தேங்காய் எண்ணெயில் இரண்டுமே இல்லையென்று சொல்லலாம். ஏ.எல்.ஏ என்று பார்த்தால் நாம் தாளிக்கும் இந்த நான்கு எண்ணெயிலும் பேருக்குக்கூட இல்லை. வடக்கே கடுகு எண்ணெய் ஊற்றுகிறவர்களுக்கு அதிலேயே பத்து சதவீதத்தை ஒட்டிக் கிடைத்துவிடுகிறது. நம் சாம்பாருக்கு அது ஒத்துவராது, விட்டுவிடுவோம்.

சரி, ஈ.பி.ஏவும் டி.எச்.ஏவும் என்ன செய்கின்றன? டி.எச்.ஏ கட்டுமானப் பொருள். ஆறு பிணைப்பும் சேர்ந்து அதை வளைந்து நெளிகிற சங்கிலியாக்குகின்றன. விழித்திரையின் ஒளியுணரும் செல்களிலும் மூளை நரம்புச் செல்களின் சவ்விலும் அது நிறைந்திருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் மூளை அதை அம்மாவிடமிருந்து இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது.

ஈ.பி.ஏவின் வேலை வேறு. ஒமேகா-6 வழியில் வரும் அராகிடோனிக் அமிலம் உட்கார வேண்டிய நாற்காலியில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்பிரின் அடைக்கிற அதே நொதியில்தான் அந்த நாற்காலி. அராகிடோனிக் அமிலத்திலிருந்து பிறக்கும் த்ராம்பாக்ஸேன் ஏ2 ரத்தத் தட்டணுக்களை இறுகக் கட்டும். ஈ.பி.ஏவிலிருந்து பிறக்கும் ஏ3 அந்த வேலையில் சோப்ளாங்கி. 1970களில் பாங், டையர்பெர்க் என்ற டென்மார்க் ஆய்வாளர்கள் கிரீன்லாந்து இனுயிட் மக்களின் ரத்தத்தைப் பார்த்துத் தொடங்கி வைத்த கதை இது. அந்த மக்களுக்கு இதய நோய் அவ்வளவு குறைவா என்பது பின்னால் கேள்விக்குள்ளானது. நொதி, தட்டணு பற்றிய வேதியியல் மட்டும் அசையவில்லை.

இன்னொன்று, கல்லீரல் ட்ரைகிளிசரைடைப் பொட்டலம் கட்டி ரத்தத்தில் விடும் வேகத்தை ஈ.பி.ஏவும் டி.எச்.ஏவும் குறைக்கின்றன. ஆனால் அதற்கு தினம் கிராம் கணக்கில் போக வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | என்ன கிடைக்கும் | எவ்வளவு | கண்ணில் படாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஆளி விதைப் பொடி | ஏ.எல்.ஏ மட்டும் | ஒரு மேசைக்கரண்டியில் (7 கிராம்) சுமார் 1.6 கிராம் | சீக்கிரம் காறும், உடம்பு மாற்றுவது சொற்பம் | சைவர்கள், மலச்சிக்கல்காரர்கள் |
| சாளை, அயிலை | ஈ.பி.ஏ + டி.எச்.ஏ | 100 கிராம் சதையில் சுமார் 1 கிராம், பருவத்துக்குத் தக்கபடி | யூரிக் அமிலம், வாடை, பொரிக்கும் எண்ணெய் | மீன் தின்னும் எல்லாருக்கும் |
| கடை மாத்திரை ("1000 மி.கி.") | ஈ.பி.ஏ + டி.எச்.ஏ | பெரும்பாலும் 300 மி.கி. | கெட்டுப்போன எண்ணெய், வீண் நம்பிக்கை | மீன் வாடையே ஆகாத அசைவர்கள் |
| பாசி எண்ணெய் மாத்திரை | டி.எச்.ஏ, சிலவற்றில் ஈ.பி.ஏவும் | 200–300 மி.கி. | விலை | சைவக் கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் |
| டாக்டர் எழுதும் அடர் மருந்து | ஈ.பி.ஏ, அல்லது இரண்டும் | தினம் 4 கிராம் வரை | இதயத் துடிப்புக் கோளாறு, விலை | ட்ரைகிளிசரைடு மிக உயர்ந்தவர்கள் |

நோயில்லாத ஒரு ஆளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் அளவு நாளுக்கு 250 மி.கி. ஈ.பி.ஏ + டி.எச்.ஏ. வாரத்துக்கு 1,750 மி.கி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கணக்கெல்லாம் சுலபம்.

## ஆளி விதை

யூடியூப் வந்த பிறகு நம் ஊரில் அதிகம் விற்கிற விதை இதுதான். நல்ல பொருள், சந்தேகமில்லை. நார்ச்சத்து உண்டு, வயிறு இளகும், இட்லிப் பொடியில் சேர்த்தால் குழந்தைகளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. முழு விதையாகத் தின்றால் மட்டும் பயனில்லை. தோல் வழவழப்பும் கெட்டியும் உள்ளது, மெல்லாமல் விழுங்கினால் போன மாதிரியே வெளியே வரும். பொடித்துத்தான் தின்ன வேண்டும். பொடித்துவிட்டால் காற்றுப் பட்டு எண்ணெய் காறத் தொடங்கும். அதனால் வாரத்துக்கு ஒரு கைப்பிடி மட்டும் லேசாக வறுத்து, ஆறவைத்துப் பொடித்து, இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பொடியை முகர்ந்தால் பருப்பு வாசம் வர வேண்டும். பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி வந்தால் கொட்டிவிடலாம். அந்த வாசம் தற்செயலாக வருவதில்லை, பெயின்டில் கலக்கிற லின்சீட் ஆயிலும் இதே விதையின் எண்ணெய்தான்.

இப்போது கணக்கு. ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் 1.6 கிராம் ஏ.எல்.ஏ. ஆண்களுக்கு நாள் முழுக்கப் போதுமென்று அமெரிக்காவில் வகுத்திருக்கும் அளவே அதுதான். ஆனால் அது எவ்வளவு மாறுகிறது? 2002-ல் பிரிட்டனில் செய்த அளவீடுகளில் இளம் ஆண்களிடம் சுமார் 8 சதவீதம் ஈ.பி.ஏ ஆனது. இளம் பெண்களிடம் 21 சதவீதம் ஈ.பி.ஏவும் 9 சதவீதம் டி.எச்.ஏவும் ஆயின. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கைகொடுக்கிறது. மற்ற பல ஆய்வுகளில் டி.எச்.ஏ ஆவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஒரு ஆணுக்கு ஒரு கரண்டியில் 130 மி.கி. ஈ.பி.ஏ, 16 மி.கி.க்கும் குறைவான டி.எச்.ஏ என்று தோராயமாகப் போட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாகச் சைவமாக இருந்தவர்களின் மூளையும் கண்ணும் எப்படி ஓடின? இதற்கு ஒரு சுவாரசியமான பதில் 2016-ல் வந்தது. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புணேயில் பெரும்பாலும் சைவர்களாக உள்ளவர்களின் மரபணுவைப் பார்த்தபோது, மேலே சொன்ன நொதிகளைக் கூடுதலாகச் செய்ய வைக்கும் ஒரு மரபணு மாறுபாடு அவர்களில் 68 சதவீதம் பேரிடம் இருந்தது. அமெரிக்காவின் கேன்சஸில் பார்த்தவர்களிடம் 18 சதவீதம்தான். நம் பக்கத்து மில் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மில் வேகமானால் முன்னால் நிற்கும் மூட்டையும் வேகமாக அரைபடும். சூரியகாந்தி எண்ணெயில் குளிக்கும் சமையலில் அந்த வேகம் அராகிடோனிக் அமிலத்தைக் கூட்டவும் செய்யும். ஆகவே ஆளி விதையைத் தேடுகிறவர்கள் முதலில் அடுப்பங்கரை எண்ணெய் டின்னைப் பார்க்க வேண்டும் என்பேன். வடை போண்டாவை விடாமல் மேலே ஒரு கரண்டி ஆளிப் பொடி தூவுவது கணக்குக்கு ஆகாது.

சில எச்சரிக்கைகள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் இளக வேண்டிய வயிறு இறுகிவிடும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதோடு சேர்த்துத் தின்னக் கூடாது, நார்ச்சத்து மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ஆளி எண்ணெயாக வாங்கினால் சூடாக்கக் கூடாது. பருப்புக்கீரையிலும் கொஞ்சம் ஏ.எல்.ஏ உண்டு. வாதுமைக்கொட்டையில் கிடையாது, வால்நட்டில் நிறைய உண்டு, பர்சும் நிறைய இருக்க வேண்டும்.

ட்ரைகிளிசரைடைக் குறைக்க ஆளி விதையை நம்ப வேண்டாம். அந்த வேலை ஈ.பி.ஏ, டி.எச்.ஏவுடையது.

## சாளை

சென்னைப் பக்கம் மத்தி என்பார்கள், எங்களுக்குச் சாளை, இலங்கையில் சூடை என்பதும் இந்த வகையறாதான். மீனும் ஒமேகா-3-ஐத் தானாகப் பெரிதாகச் செய்வதில்லை. கடலில் மிதக்கும் நுண்பாசி செய்கிறது, சாளை அதையும் அதைத் தின்னும் நுண்ணுயிரிகளையும் வடிகட்டித் தின்று கொழுக்கிறது. கொழுப்பு கூடிய பருவத்தில் சாளையைக் கழுவினால் விரலிடுக்கில் எண்ணெய் வழுக்கும், குழம்பு ஆறியபின் மேலே மஞ்சளாக ஒரு படலம் நிற்கும். அந்தப் படலத்துக்குத்தான் மாத்திரைக் கம்பெனிக்காரர்கள் காசு வாங்குகிறார்கள்.

வாரத்துக்கு 1,750 மி.கி. வேண்டுமென்றால் 175 கிராம் சதை. இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் நாலைந்து சாளை. அவ்வளவுதான். சின்ன முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் சேர்கிறது. அயிலை, அதாவது கானாங்கெளுத்தியும், நெத்திலியும் இதே வரிசையில் வரும். வஞ்சிரத்தின் விலைக்கும் அதிலுள்ள ஒமேகா-3க்கும் சம்பந்தமில்லை. விருந்துக்கு வஞ்சிரம் வாங்குங்கள், இதயத்துக்கென்று வாங்காதீர்கள்.

எப்படிச் சமைக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம். மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்து மண்சட்டியில் வைக்கிற குழம்பில் மீனிலிருந்து இறங்கும் எண்ணெய் குழம்பிலேயே நிற்கிறது, சோற்றோடு உள்ளே போய்விடும். பொரித்தால் மீனெண்ணெய் கொஞ்சம் சட்டிக்கு இறங்கும், சட்டி எண்ணெய் மீனுக்குள் ஏறும். ரிஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயில் முக்கிப் பொரித்த சாளையில் எந்த ஒமேகா அதிகம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பொரித்தே ஆக வேண்டுமென்றால் தோசைக்கல்லில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு வாட்டி எடுங்கள். கருவாட்டைப் பற்றி யாராவது கேட்பார்கள்: உப்பு ஏறியது, வெயிலில் காய்ந்து கொழுப்பும் கெட்டது. ருசிக்குச் சரி, ஒமேகா-3 கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி மறைந்திருக்கும் செலவு. சாளையிலும் நெத்திலியிலும் பியூரின் அதிகம், அது உடைந்தால் யூரிக் அமிலம். கால் பெருவிரல் வீங்கி ராத்திரி முழுக்கத் தூங்காத அனுபவம் உள்ளவர்களுக்கு இது தோதான வழியில்லை. அடுத்து, இந்த வகை மீன் சீக்கிரம் கெடும். ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் கூடி, தின்ற அரை மணி நேரத்தில் முகம் சிவந்து தடிக்கும். கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. கண் பளபளவென்றும் செவுள் சிவப்பாகவும் இருப்பதை வாங்குங்கள்.

வரத்தும் நிலையில்லை. 2012-ல் கேரளக் கரையில் கிட்டத்தட்ட நான்கு லட்சம் டன் சாளை பிடிபட்டது, 2021-ல் சில ஆயிரம் டன்தான். மீன்பிடித் தடைக்காலம் வேறு. எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகு கடலுக்குப் போகாது. வள்ளத்தில் போகிறவர்கள் கொண்டுவருவதை நம்பித்தான் சந்தை. அப்போது ஃபிரீசரை நம்புங்கள்.

பாதரசத்தைப் பொறுத்தவரை சாளை மாதிரிச் சின்ன மீனில் பயமில்லை. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பாதரசத்தைச் சேர்த்துக்கொள்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட பட்டியலில் சுறாவும் இருக்கிறது. குட்டிச் சுறாவில் பெரியதை விடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் என் வீட்டில் தங்கைக்குப் பிரசவமானபோது சாளையும் நெத்திலியும் போதுமென்று அம்மாவிடம் சண்டை போட்டு ஜெயித்தேன். புட்டு இல்லையே என்று அத்தைதான் ஒரு மாதம் பேசவில்லை.

## கடையில் வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரை

ஆசிரியர் கொண்டுவந்த டப்பாவின் முன்பக்கம் பெரிதாக 1000 என்று போட்டிருந்தது. திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைக் காட்டினேன். ஈ.பி.ஏ 180, டி.எச்.ஏ 120. ஆக 300. மீதி 700 வெறும் எண்ணெய். அந்த 1000 என்பது மாத்திரைக்குள் இருக்கும் எண்ணெயின் எடை. "இத்தனை வருஷம் பையன்களுக்குக் கேள்வியை முழுசா வாசிங்கடான்னு சொன்னவன் நான்" என்று சிரித்தார்.

விலையை ஒப்பிட ஒரே வழி, ஒரு கிராம் ஈ.பி.ஏ + டி.எச்.ஏவுக்கு எத்தனை ரூபாய் என்று பார்ப்பது. 60 மாத்திரை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 × 300 மி.கி. = 18 கிராம், கிராமுக்கு 33 ரூபாய். சாளை கிலோ 200 என்று வையுங்கள். தலை, குடல் போக 600 கிராம் சதை தேறினால் 6 கிராம், அதுவும் கிராமுக்கு 33 ரூபாய். நான் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம்தான், மீன் ரொம்ப மலிவாக வருமென்று நினைத்திருந்தேன். ஆனால் மாத்திரையைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள முடியாது. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள்.

வாங்கியதும் ஒரு மாத்திரையைக் கடித்துப் பாருங்கள், அல்லது ஊசியால் குத்தி முகருங்கள். லேசான மீன் வாடை சகஜம். காறல் நெடி தொண்டையில் அடித்தால் எண்ணெய் ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிட்டது. பிணைப்பு கூடக் கூடக் கொழுப்பு சீக்கிரம் கெடும், ஆறு பிணைப்பு உள்ள டி.எச்.ஏதான் முதலில் போகும். வாசனை சேர்த்த மாத்திரையில் இந்தச் சோதனை பலிக்காது. சாப்பாட்டோடு, அதுவும் கொஞ்சம் எண்ணெய் உள்ள சாப்பாட்டோடு போட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் போட்டால் சரியாகச் சேராது, மீன் ஏப்பம் மட்டும் மதியம் வரை வரும்.

சின்ன வயதில் தின்ற மஞ்சள் மாத்திரை வேறு. அது காட் மீனின் ஈரல் எண்ணெய். வைட்டமின் ஏவும் டியும்தான் அதில் விசேஷம். ஒமேகா-3 வேண்டுமென்று அதை நாலைந்தாகப் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சும். கர்ப்பிணிகளுக்கு அது ஆபத்து.

சரி, போட்டால் மாரடைப்பு வராதா? இத்தாலியில் நடந்து 1999-ல் வெளியான ஜிஸ்ஸி ஆய்வில் மாரடைப்பு வந்து பிழைத்த 11,324 பேரைப் பார்த்தபோது, தினம் ஒரு கிராம் மீனெண்ணெய் மருந்து எடுத்தவர்களிடம் சாவு குறைந்திருந்தது. எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பரவலான பிறகு வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. 2018-ல் இரண்டு பெரிய ஆய்வு: சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரிடம் நடந்த அசெண்ட், இதய நோயோ புற்றுநோயோ இல்லாத 25,871 பேரிடம் நடந்த வைட்டல். தினம் ஒரு கிராம் மாத்திரை, இரண்டிலும் முக்கிய இலக்கில் பலனில்லை. 2010-ல் நெதர்லாந்தில் 4,837 இதய நோயாளிகளுக்கு வெண்ணெய் மாதிரித் தடவித் தின்னும் கொழுப்பில் ஏ.எல்.ஏவையும் ஈ.பி.ஏ + டி.எச்.ஏவையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள், அதிலும் இல்லை. வயதானவர்களின் விழித்திரைத் தேய்மானத்துக்கு 2013-ல் பார்த்தார்கள், இல்லை. கண் வறட்சிக்கு 2018-ல் ஆலிவ் எண்ணெயோடு ஒப்பிட்டார்கள், வித்தியாசமில்லை.

ஆகவே வாரம் இரண்டு முறை சாளை தின்கிற, எல்லா அளவும் சரியாக உள்ள ஆசிரியருக்கு அந்த டப்பா தேவையில்லை. அப்படியே சொன்னேன். "மருமகன் வாங்கித் தந்ததாச்சே" என்றார். அதற்கு என்னிடம் மருந்தில்லை. மீன் வாடையே ஆகாது, ஆனால் மாத்திரைக்குச் சம்மதம் என்கிறவர்களுக்கு மட்டும் இது சரியான வழி. ரத்தம் உறையாதிருக்க மருந்து எடுக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும்.

## பாசி எண்ணெய்

மீனை நடுவில் விட்டுவிட்டு நேரே மூலத்துக்குப் போகிற வழி. நுண்பாசியைத் தொட்டியில் வளர்த்து எண்ணெய் எடுக்கிறார்கள், கடலுக்கே போக வேண்டியதில்லை. குழந்தைகளுக்கான பால்மாவில் சேரும் டி.எச்.ஏவும் பெரும்பாலும் இப்படி வருவதுதான்.

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு நான் சொன்னது இதை. ஆளி விதையிலிருந்து டி.எச்.ஏ மாறுவது சொற்பம். இளம் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக மாறும், ஆனாலும் ஒரு கரண்டிப் பொடியை நம்பிக் கடைசி மூன்று மாதத்தை விட வேண்டியதில்லை. கர்ப்பத்தில் கூடுதலாக 200 மி.கி. டி.எச்.ஏ வேண்டுமென்பது பொதுவான பரிந்துரை. ஒரு மாத்திரையில் அது வந்துவிடும். 2018-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில் ஒமேகா-3 எடுத்த கர்ப்பிணிகளிடம் 34 வாரத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தைகள் 4.6 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்திருந்தது. மாத்திரை உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த எண் இது. தாய்ப்பாலிலுள்ள டி.எச்.ஏ அம்மாவின் சாப்பாட்டைப் பொறுத்தது என்பதால் பாலூட்டும் காலத்துக்கும் பொருந்தும்.

பார்க்க வேண்டியது இரண்டு. உணவுச் சேர்க்கையாக விற்பவற்றில் பச்சைப் புள்ளி இருக்கிறதா? எண்ணெய் பாசியிலிருந்து வந்தாலும் மேலுறை மாட்டு ஜெலட்டினாக இருக்கலாம். அடுத்து, ஈ.பி.ஏ வேண்டுமென்றால் அதுவும் எழுதியிருக்கிறதா? பலவற்றில் டி.எச்.ஏ மட்டும்தான். விலை மீன் எண்ணெயை விடக் கூடுதல். முட்டை தின்கிறவர்கள் ஆளி விதை போட்டு வளர்த்த கோழியின் முட்டையையும் யோசிக்கலாம், மாற்றும் வேலையைக் கோழியே பார்த்துக்கொடுக்கிறது.

## டாக்டர் எழுதும் அடர் மருந்து

இனி 640-காரர். ட்ரைகிளிசரைடு 150க்குக் கீழே இருக்க வேண்டும், 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் அபாயம் தொடங்குகிறது. இங்கே பேச்சு மருந்தைப் பற்றி. நாளுக்கு 4 கிராம் அடர் மருந்து ட்ரைகிளிசரைடை 20 முதல் 30 சதவீதமும், மிக உயர்ந்தவர்களிடம் அதற்கு மேலும் குறைக்கும். கடை மாத்திரையில் அதை ஈடுகட்ட வேண்டுமென்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு கிராம் எண்ணெய், நூறு கலோரிக்கு மேல், ஏப்பம் தனிக் கணக்கு.

இதிலும் எல்லாம் தெளிவாக இல்லை. ஸ்டாட்டின் எடுத்தும் ட்ரைகிளிசரைடு கூடியிருந்த 8,179 பேரிடம் சுத்தமான ஈ.பி.ஏ மருந்து கொடுத்த ரெட்யூஸ்-இட் ஆய்வில் இதயச் சிக்கல்கள் 25 சதவீதம் குறைந்தன. 2020-ல் ஈ.பி.ஏவும் டி.எச்.ஏவும் கலந்த மருந்தை 13,078 பேரிடம் பார்த்த ஸ்ட்ரெங்த் ஆய்வில் ஒன்றும் குறையவில்லை. முதல் ஆய்வில் ஒப்பீட்டுக்குக் கொடுத்த மினரல் ஆயில் அந்தப் பக்கத்து ஆட்களைக் கெடுத்துவிட்டதா, அல்லது ஈ.பி.ஏ தனியாக இருந்தால்தான் வேலை செய்யுமா என்று இன்னும் சண்டை நடக்கிறது. இரண்டிலும் ஒத்துப்போன ஒரு விஷயம் உண்டு: இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடியது. ரெட்யூஸ்-இட்டில் அதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் மருந்துப் பக்கம் 3.1 சதவீதம், மறுபக்கம் 2.1. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று கிராம் கணக்கில் விழுங்குகிற சமாச்சாரமில்லை இது.

மருந்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவையும் இருக்கின்றன. சாராயம், கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு, இனிப்பும் வெள்ளைச் சோறும். முதல் நாள் ராத்திரி பிரியாணி தின்றுவிட்டு வந்தாரா என்பதும்தான். அவரை 12 மணி நேரம் பட்டினியிருந்து மறுபடி வரச் சொன்னேன். 590. டாக்டரிடம் அனுப்பினோம்.

மூன்று மாதம் கழித்து வந்தார். சென்ட்ரிஃபியூஜ் நின்றதும் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். லேசான கலங்கல், பின்னால் வைத்த தாளின் பெரிய எழுத்துகள் தெரிந்தன. 228. டாக்டர் மருந்து எழுதியிருந்தார், இவரும் சாயங்காலக் குவார்ட்டரை நிறுத்தியிருந்தார், இரண்டும் ஒரே வாரத்தில்.

"எதுல தம்பி குறைஞ்சுது?"

குழாயைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது என்றேன். "அப்ப ரெண்டையும் விடக் கூடாதுங்கிற" என்று சொல்லிக்கொண்டே தாளை மடித்துப் பையில் வைத்தார்.